பெயர் சொல்லாத கதை

2020 பொதுமுடக்கத்தில் சென்னை அறையைக் காலி செய்துவிட்டுத் திண்டிவனத்துக்கு வந்தபோது, லேப்டாப் பையில் வேலைக்குச் சம்பந்தமில்லாமல் இருந்தது ஒரே ஒரு பொருள்தான். ராயல் டைலரின் ஆங்கில மொழிபெயர்ப்பில் 'கெஞ்சி கதை', ஆயிரம் பக்கத்துக்கு மேல். கூடத்தில் கிடந்த அதை மாமா எடுத்து அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"இன்னாடா இது, செஞ்சி கதையா? தேசிங்கு ராஜா கதைய இங்கிலீஷ்காரன் இவ்ளோ பெருசா எழுதிட்டானா?"

சிரித்துவிட்டேன். ஆனால் தப்பு அவருடையது இல்லை. எங்கள் பக்கத்துச் சாலைப் பலகைகளில் செஞ்சியை ஆங்கிலத்தில் எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்துப் பழகிய யாரும் அந்த அட்டையை அப்படித்தான் வாசிப்பார்கள். இது ஜப்பான் ராஜா வீட்டுக் கதை மாமா என்றேன்.

"சண்டை இருக்குதா?"

"இல்ல."

"அப்புறம் இத்தினி பக்கத்துல இன்னாதான் பண்றாங்க?"

"லெட்டர் எழுதறாங்க."

அவர் புத்தகத்தை மெதுவாகக் கீழே வைத்துவிட்டார். நான் சொன்னது கிண்டல் இல்லை. ஐம்பத்து நான்கு அத்தியாயங்கள், நானூறுக்கும் மேற்பட்ட மனிதர்கள், ஏறக்குறைய 795 குறும்பாடல்கள். அந்தப் பாடல்களில் பெரும்பகுதி ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பிய கடிதங்கள்தான். ஓர் அரசகுமாரன் அரியணை ஏற முடியாதபடி சாதாரணக் குடிமகனாக்கப்படுகிறான். அழகன், எல்லாக் கலையும் தெரிந்தவன். அவன் பெண்களைத் தேடிப் போகிறான், இழக்கிறான், முதுமை அடைகிறான். பிறகு அவன் சாவைச் சொல்லாமலேயே கதை அவனைத் தாண்டிப் போய், அடுத்த தலைமுறையில் ஒரு வாக்கியத்தின் நடுவில் கை எடுத்ததுபோல நின்றுவிடுகிறது. எழுதியவர் முராசாகி ஷிகிபு. 1008ஆம் ஆண்டை ஒட்டிய அவருடைய நாட்குறிப்பிலேயே இந்தக் கதையை அரண்மனையில் படித்துக்கொண்டிருந்ததற்கான குறிப்பு இருக்கிறது. ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிக்கொண்டிருந்த காலம்.

இதைப் படிக்கச் சொல்லி நான் கொடுத்த அலுவலகத் தோழி ஐந்தாம் அத்தியாயத்தோடு திருப்பிக் கொடுத்துவிட்டாள். "பத்து வயசுப் பொண்ண தூக்கினு போய் வளர்த்து, அப்புறம் அவளையே பொண்டாட்டி ஆக்கிக்கறான். இத எதுக்கு நான் அழகியல்னு படிக்கணும்?" என்று கேட்டாள். அன்றைக்கு "காலகட்டம் வேற" என்று ஏதோ உளறினேன். அந்தப் பதில் எனக்கே பிடிக்கவில்லை. இந்தக் கட்டுரை அவளுக்குச் சரியான பதில் சொல்லும் முயற்சி. முழுசாகச் சொல்லிவிட்டேன் என்று இப்போதும் நம்பிக்கை இல்லை.

* * *

படிக்க ஆரம்பித்த முதல் வாரத்திலேயே ஒரு ஸ்ப்ரெட்ஷீட் திறந்தேன். தொழில் புத்தி. நானூறு பேரை நினைவில் வைக்க முடியாது, ஒவ்வொருவருக்கும் ஓர் எண், ஒரு பெயர், உறவு, முதலில் வரும் அத்தியாயம் என்று பத்திகள் போட்டேன். பெயர்ப் பத்தியிலேயே மாட்டிக்கொண்டேன்.

இந்தக் கதையில் ஏறக்குறைய யாருக்கும் பெயர் இல்லை. ஆண்களைப் பதவியால் குறிப்பிடுகிறார்கள், பதவி உயர்ந்தால் பெயரும் மாறிவிடும். முந்தைய அத்தியாயத்தில் தளபதியாக இருந்தவர் இதில் அமைச்சர், அந்தத் தளபதி இப்போது வேறொருவர். பெண்களை அவர்கள் இருக்கும் இடத்தால் குறிப்பிடுகிறார்கள். ஃபுஜித்சுபோ என்றால் அந்த மலர்க்கொடி முற்றத்து மாளிகையில் இருப்பவர். ரொக்குஜோ என்றால் ஆறாம் தெருக்காரம்மா. அகாஷி என்றால் அகாஷி கடற்கரையிலிருந்து வந்தவர். நேரடியாகப் பெயர் சொல்வது மரியாதைக் குறைவு. கதாசிரியருக்கே இதுதான் நிலைமை. ஷிகிபு என்பது அவர் அப்பா பார்த்த அரசாங்க வேலையிலிருந்து வந்தது, முராசாகி என்பது அவர் படைத்த பாத்திரத்திலிருந்து ஒட்டிக்கொண்டது. உலகின் முதல் நாவல் என்று பலர் சொல்லும் ஒன்றை எழுதியவரின் பெயர் உறுதியாக யாருக்கும் தெரியாது.

இதற்காக ஜப்பான் போக வேண்டியதில்லை என்பது எனக்கு உறைக்கக் கொஞ்ச நாள் ஆனது. என் ஆயாவைத் தெருவில் எல்லோரும் 'மயிலத்தா' என்பார்கள். மயிலத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவர். சின்னவர்களுக்கு மயிலத்தம்மா. எதிர்வீட்டில் ஒரு செஞ்சியா, கோடியில் ஒரு வானூரா. நான் ஐந்தாவது படிக்கும்போது புதிதாக வந்த தபால்காரர், முதியோர் உதவித்தொகை மணியார்டரை வைத்துக்கொண்டு தெருமுனையில் ஒரு பெயரைச் சொல்லி விசாரித்தார். கோலி ஆடிக்கொண்டிருந்த நாங்கள் ஒரே குரலில், "அப்டி யாரும் இங்க இல்ல சார்" என்றோம். திண்ணையிலிருந்து ஆயா எழுந்து வந்து, "அது நான்தாங்க" என்றார். கொஞ்சம் வெட்கத்தோடு சொன்ன மாதிரி எனக்கு ஞாபகம். பத்து வயது வரை என் ஆயாவுக்கு ஒரு பெயர் இருக்கும் என்றே நான் யோசித்ததில்லை.

மாமா சொன்ன தேசிங்கு கதையிலும் இதே ஓட்டை இருக்கிறது. 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதிச் செத்த தேஜ்சிங்கை நம் ஊர் தேசிங்கு ராஜாவாகக் கதைப்பாடல் கொண்டாடுகிறது. அவன் குதிரை வரை புகழ் பெற்றது. உடன்கட்டை ஏறிய அவன் மனைவியின் நினைவாகத்தான் ராணிப்பேட்டை என்ற ஊர்ப்பெயர் வந்தது என்கிறார்கள். ராணி என்பது பதவி. பெயர் இல்லை.

* * *

தமிழில் பெயர் சொல்லாமை என்றதும் இலக்கிய வாசகர்களுக்கு அகத்திணை நினைவுக்கு வரும். தொல்காப்பியம் தெளிவாகவே விதிக்கிறது, ஐந்திணைக் காதலில் யாரையும் பெயர் சுட்டக் கூடாது. தலைவன், தலைவி, தோழி, செவிலி, பரத்தை, அவ்வளவுதான். பெயர் வந்துவிட்டால் அது புறம். பேகன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வேறொரு பெண்ணிடம் இருந்ததைப் பற்றிக் கபிலர், பரணர் முதலான நால்வர் பாடியிருக்கிறார்கள். விஷயம் முழுக்க மருதத் திணைதான். ஆனாலும் அவை புறநானூற்றில் 143 முதல் 147 வரையுள்ள பாட்டுகளாக இருக்கின்றன, பெயர் வந்துவிட்டதே.

இந்த ஒற்றுமையைப் பார்த்ததும் துள்ளிக் குதித்தேன். இரண்டு இரவு, "கெஞ்சி கதை என்பது ஆயிரம் பக்க மருதத் திணை" என்று ஒரு கட்டுரையை மனசுக்குள் எழுதிக்கொண்டிருந்தேன். பரத்தையர் உண்டு, ஊடல் உண்டு, வாயில் மறுத்தல் உண்டு, தூது போகும் பணிப்பெண்கள் உண்டு. நிலமும் பருவமும் மனநிலையைச் சொல்வதும் உண்டு. பிறகுதான் அது பொய் என்று புரிந்தது. இரண்டு இடத்திலும் பெயர் இல்லை, ஆனால் இல்லாமல் போன காரணம் நேர் எதிர்.

அகப்பாட்டில் பெயரை எடுத்துவிட்டால் அந்தப் பெண் யாராகவும் ஆக முடியும். மரக்காணத்து உப்பளத்தில் நிற்பவளும் அவளே, செஞ்சிக் குன்றில் தினை காப்பவளும் அவளே. படிப்பவர் உள்ளே நுழைந்துகொள்ளத்தான் பெயரின் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார்கள். கெஞ்சி கதையில் அப்படி இல்லை. ஒவ்வொருத்தியும் ஒரு குறிப்பிட்ட பெண், அப்பா இன்னார், தாய்வழி இன்னார், அரண்மனையில் எத்தனாவது தரம் என்பதெல்லாம் துல்லியமாகத் தெரியும். பெயர் மட்டும் கிடையாது. என் ஆயாவின் நிலை இதுதான். தெருவுக்கே அவரைத் தெரியும், அவர் பெயரைத்தான் தெரியாது. அகத்தில் பெயரின்மை ஒரு கலைவிதி, கெஞ்சியில் அது ஒரு சமூக விதி. முராசாகி ஷிகிபு செய்த வேலை, அந்தச் சமூக விதியை எடுத்துக் கலையாக மாற்றியது.

எப்படி மாற்றினார் என்பதற்கும் ஒரு சங்கக் கதவு இருக்கிறது. செம்புலப்பெயனீரார், தேய்புரிப் பழங்கயிற்றினார், ஓரேருழவனார், அணிலாடு முன்றிலார், விட்ட குதிரையார். பெயர் தொலைந்துபோன புலவர்களுக்கு அவர்கள் பாட்டில் இருந்த உவமையையே பெயராக வைத்துவிட்டார்கள் தொகுத்தவர்கள். கெஞ்சி கதையின் பெண்களுக்கும் பெயர் இப்படித்தான் வந்தது. அந்தந்த அத்தியாயத்துப் பாட்டில் வரும் உருவத்தைப் பிடித்துப் பின்னால் வந்த வாசகர்கள் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஓர் இரவில் தன் மேலாடையை மட்டும் விட்டுவிட்டு அவன் கையிலிருந்து நழுவிப் போனவள் உத்சுசெமி, அதாவது சிள்வண்டு கழற்றிப் போட்ட கூடு. மங்கிய நிலவைப் பாடிக்கொண்டு தாழ்வாரத்தில் வந்தவள் ஒபொரோசுகியோ, மங்கல் நிலா இரவு.

யூகாவோ என்பவளை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் 'மாலை முகங்கள்' என்று கவித்துவமாக மொழிபெயர்க்கிறார்கள். எனக்குச் செடியின் படத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. அது சுரைப்பூ! எங்கள் வீட்டுக் கூரையில் படர்ந்து, பொழுது சாயும்போது வெள்ளையாக விரியும் அதே சுரைப்பூ. மூலத்திலும் அது ஏழைகள் வீட்டு வேலியில் பூக்கும் பூ என்று கெஞ்சியின் ஆளே சொல்கிறான். ராஜகுமாரன் அந்த வேலிக்குள் நுழைகிறான். தான் யார் என்று அவன் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. ஆளரவமற்ற ஒரு வீட்டுக்குக் கூட்டிப் போய்ப் பெயரைக் கேட்கும்போது, தான் கடற்கரைக் குடியின் பிள்ளை என்ற அர்த்தத்தில் ஒரு பழைய பாட்டைத் தொட்டுக் காட்டி நழுவிவிடுகிறாள். அன்றிரவே செத்துப்போகிறாள். அவள் யார் என்று அவன் தெரிந்துகொள்வது அதற்குப் பிறகு, அவளுடைய பணிப்பெண் மூலமாக.

அந்தக் கடற்கரைப் பிள்ளை எனக்குப் பழக்கப்பட்டவள். எங்கள் ஊர் நல்லியக்கோடனின் ஓய்மாநாடு. திண்டிவனத்துக் கிடங்கல்தான் அவன் கிடங்கில். அவனைப் பாடிய சிறுபாணாற்றுப்படையில், பாணர் கூட்டம் எயிற்பட்டினத்து வழியாக வரும்போது அவர்களுக்கு நுளைமகள் ஒருத்தி வடித்த தேறல் கிடைக்கிறது. எயிற்பட்டினம் மரக்காணத்தை ஒட்டியது என்பார்கள். அரசனுக்குப் பெயர் உண்டு, அவனுக்கு முந்தைய ஏழு வள்ளல்களுக்கும் பெயர் உண்டு, புலவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனாருக்கும் உண்டு. மதுவை வடித்தவள் நுளைமகள். சோறு போட்டவர்கள் எயிற்றியர். நம்முடைய பாட்டு அவளிடம் வாங்கிக் குடித்துவிட்டு நல்லியக்கோடனைப் பார்க்க நடந்துவிடுகிறது. முராசாகி அங்கேயே நின்று, அந்த வேலிக்குள் ஓர் அத்தியாயம் முழுக்க உட்கார்ந்துவிடுகிறார். ஆற்றுப்படையின் வேலை வேறு என்று தெரியும். இருந்தாலும் கேட்கத் தோன்றுகிறது.

* * *

பெயர் இல்லாத இடத்தில் மனிதர்களை எப்படி அடையாளம் காண்பது? ஹெயான் அரண்மனையில் பெண்கள் திரைக்குப் பின்னால் இருப்பார்கள், முகம் தெரியாது. எனவே கையெழுத்து, காகிதத்தின் நிறம், அதில் ஏற்றிய வாசனை, கடிதத்தைக் கட்டி அனுப்பிய கிளை, கீழே நழுவித் தெரியும் சட்டைக் கையின் வண்ணக் கலவை, இவைதான் முகம். சிவந்த மூக்குக்காரியான சுயெத்சுமுஹானா என்ற பழைய குடும்பத்துப் பெண் தடித்த, காலம் கடந்த காகிதத்தில் எழுதி அனுப்பும்போது, பாட்டைப் படிக்கும் முன்பே கெஞ்சி சலித்துக்கொள்கிறான். நாம் புரொஃபைல் படத்தைப் பார்த்து ஆளை முடிவு செய்வதற்கும் இதற்கும் பெரிய தூரம் இல்லை.

வாசனை விஷயத்தில் ஓர் இடம் உண்டு. இந்த நாவலில் எனக்குப் பிடித்த இடம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். கெஞ்சி அலட்சியப்படுத்திய ஆறாம் தெருக்காரம்மா, ரொக்குஜோ, கமோ திருவிழா ஊர்வலம் பார்க்க வண்டியில் வருகிறார். கெஞ்சியின் மனைவி அவோயின் ஆட்கள் அந்த வண்டியை இடித்துப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறார்கள். ஊரே பார்க்க அவமானம். கொஞ்ச நாளில் கர்ப்பிணியான அவோயை ஒரு ஆவி பிடிக்கிறது. மந்திரவாதிகள் விதைகளைத் தீயில் போட்டு ஓட்டுகிறார்கள். இங்கே தன் வீட்டில் இருக்கும் ரொக்குஜோ தன் உடையிலிருந்து அந்த விதையின் புகை வாசனை வருவதை உணர்கிறார். தலை குளிக்கிறார், உடை மாற்றுகிறார். வாசனை போகவில்லை.

அந்த விதையை ஆங்கிலத்தில் கசகசா என்கிறார்கள். அந்த ஜப்பானிய எழுத்து கடுகையும் குறிக்கும். எனக்குக் கடுகுதான் வேண்டும். ஆயா எங்களுக்குக் கடுகு, மிளகாய், உப்பு சுற்றித் திருஷ்டி கழித்து அடுப்பில் போடுவார். நெடி ஏறினால் திருஷ்டி இல்லை, ஏறாவிட்டால் இருக்கிறது என்பது கணக்கு. அந்த நெடி யார் கண்ணைக் குறிவைத்ததோ, அந்தப் பெண் பக்கத்துத் தெருவில் தன் புடவையை முகர்ந்து பார்த்து நடுங்கிக்கொண்டிருப்பாள் என்று நாங்கள் யாராவது நினைத்திருப்போமா? பேய் பிடித்தவள் பக்கம் நின்றே நாம் எல்லாக் கதையும் சொல்லியிருக்கிறோம். முராசாகி பேயின் பக்கம் போய் உட்காருகிறார். அது தான்தானா என்று அந்தப் பேய்க்கே உறுதியாகத் தெரியாது. கோபப்பட அனுமதி இல்லாத ஒரு பெண்ணின் கோபம் அவளுக்குத் தெரியாமலேயே வெளியே போய்க் கொலை செய்துவிட்டு வருகிறது. உளவியல் நாவல் என்று இதைச் சொல்லிப் பாராட்டுகிறார்கள். நான் அந்தச் சொல்லைக்கூடப் பயன்படுத்த மாட்டேன், எனக்கு அந்த நெடி போதும்.

மொழி பற்றி ஒரு சின்ன விலகல். மூலத்தில் எழுவாய் பெரும்பாலும் இருக்காது. வினைச்சொல்லின் மரியாதை அளவை வைத்துத்தான் யார் பேசுகிறார், யாரைப் பற்றி என்று ஊகிக்க வேண்டும். கதையைச் சொல்வது ஒரு பணிப்பெண்ணின் குரல், அவள் எல்லோரையும் மரியாதையோடு சொல்லியாக வேண்டும். ஆங்கிலத்தில் இது வராது, ஒவ்வொரு வாக்கியத்திலும் அவன், அவள் என்று போட்டே ஆக வேண்டும். எழுத்துத் தமிழிலும் வந்தான், வந்தாள் என்றால் உடைந்துவிடும். ஆனால் எங்கள் வீட்டுப் பேச்சில் இருக்கிறதே. 'வந்தாங்க, பாத்தாங்க, ஒண்ணும் சொல்லாம போய்ட்டாங்க.' ஆணா, பெண்ணா, ஒருவரா, நான்கு பேரா, எதுவும் தெரியாது. மரியாதை மட்டும் தெரியும். பெரிய வீட்டு விஷயத்தை ஆயா கிணற்றடியில் சொல்வது இந்தக் குரலில்தான். கெஞ்சி கதையை நேரடியாகத் தமிழுக்குக் கொண்டுவரும் யாராவது, செந்தமிழை விட்டுவிட்டு இந்த 'ஆங்க'வில் ஓர் அத்தியாயமாவது முயன்று பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

* * *

தோழியின் கேள்விக்கு வருகிறேன். அவள் சொன்னது உண்மை. சின்னப் பெண் முராசாகியை கெஞ்சி தூக்கி வருவதற்குக் காரணம், அவள் ஃபுஜித்சுபோவின் அண்ணன் மகள், அதே சாயல். ஃபுஜித்சுபோ அவன் அப்பாவின் மனைவி. அவரை அப்பா மணந்ததற்குக் காரணம், செத்துப்போன கெஞ்சியின் அம்மாவின் சாயல். ஒருத்திக்கு மாற்றாக இன்னொருத்தி, அவளுக்கு மாற்றாக மற்றொருத்தி. ஸ்ப்ரெட்ஷீட்டில் 'யாருக்கு மாற்று' என்று நான் தனியாக ஒரு பத்தியே சேர்க்க வேண்டியிருந்தது. வளர்ந்தபின் ஒரு நாள் காலையில் அந்தப் பெண் படுக்கையை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று கிடக்கிறாள். அப்பாவைப் போல நம்பியிருந்தவன் இரவில் என்ன செய்தான் என்பதைக் கதை சொல்லாது, அந்தக் காலையை மட்டும் காட்டும். அவனுக்கு அவள் கோபம் அழகாகத் தெரிகிறது. நமக்குத் தெரிவது வேறு.

இதை வைத்து முராசாகி ஷிகிபு ரகசியப் பெண்ணியவாதி, கெஞ்சியைத் தோலுரிக்கத்தான் எழுதினார் என்று சொல்லும் வாசிப்புகள் உண்டு. எனக்கு அது வசதியான பொய்யாகப் படுகிறது. கதைசொல்லும் அந்தப் பணிப்பெண்ணுக்கு கெஞ்சியைப் பிடித்திருக்கிறது. வெட்கமில்லாமல் ரசிக்கிறாள், அவன் அழுதால் கூடவே அழுகிறாள். அவன் வசீகரமும் உண்மை, அவன் செய்வதும் உண்மை, இரண்டையும் ஒரே கை எழுதுகிறது. பரத்தையின் குரலையும் தலைவியின் குரலையும் ஒரே தொகைநூலில் வைக்க நமக்குத் தெரிந்திருந்தது. குறுந்தொகையின் 8ஆம் பாட்டில் தலைவனைக் கேலி செய்வது பரத்தைதான். ஆனால் அங்கே ஒரு பாட்டோடு அவள் போய்விடுவாள். இங்கே நாற்பது வருஷம் கூடவே இருக்கிறோம். அந்த நாற்பது வருஷம் செய்யும் வேலையை ஐந்தாம் அத்தியாயத்தில் பார்க்க முடியாது, தோழி நிறுத்திய இடம் அதுதான்.

நாற்பது வருஷத்தில் என்ன ஆகிறது? அகாஷிக்காரி பெற்ற பெண் குழந்தையை, அம்மாவின் குடி தாழ்ந்தது என்பதற்காக, முராசாகியிடம் வளர்க்கக் கொடுக்கிறார்கள். பனிக்காலம். வண்டியில் ஏறும் குழந்தை ஒன்றும் புரியாமல் அம்மாவின் சட்டைக் கையைப் பிடித்து, நீயும் ஏறு என்று இழுக்கிறது. தூக்கி வரப்பட்ட பெண்ணான முராசாகி இப்போது இன்னொருத்தியின் குழந்தையை வாங்கி மார்பில் அணைத்துக்கொள்கிறாள். இதில் யார் யாருக்குத் துரோகம் செய்தார்கள் என்று கணக்குப் போட ஆரம்பித்தால் கை நின்றுவிடும்.

பிறகு, வயதான கெஞ்சி உயர்குடி இளவரசி ஒருத்தியை மணக்கிறான். ஒரு பூனைக்குட்டியின் கயிறு சிக்கித் திரை விலகுகிறது, அந்த ஒரு கணத்தில் காஷிவாகி என்ற இளைஞன் இளவரசியைப் பார்த்துவிடுகிறான். விளைவு ஒரு குழந்தை. இருக்கைக்கு அடியில் கிடைத்த கடிதத்தால் கெஞ்சிக்கு விஷயம் தெரிந்துவிடுகிறது. இள வயதில் அவன் அப்பாவின் மனைவியிடம் செய்தது இதையே தான். அந்த மகன் பேரரசனாகவும் ஆனான். அப்பாவும் தெரிந்தே பேசாமல் இருந்தாரோ என்று அவனுக்கு இப்போதுதான் தோன்றுகிறது. ஐம்பதாம் நாள் சடங்கில் தன்னுடையது அல்லாத அந்தக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். சபையில் யாருக்கும் தெரியாது. தீர்ப்பு என்று ஒரு வரி கிடையாது. முப்பது அத்தியாயத்துக்கு முன்னால் நடந்த ஒரு காட்சியை இடம் மாற்றித் திரும்ப வைக்கிறார், அவ்வளவுதான்.

18ஆம் நூற்றாண்டில் மொதோரி நோரினாகா என்ற அறிஞர், இந்த நாவலைப் பௌத்த நீதியாலோ கன்பூசிய ஒழுக்கத்தாலோ அளக்கக் கூடாது, பொருள்களின் நெகிழ்ச்சியை உணர்வதுதான் இதன் மையம் என்று வாதிட்டார். 'மோனோ நோ அவாரே' என்ற சொல் இன்று இன்ஸ்டாகிராமில் செர்ரிப்பூப் படத்துக்கு அடியில் வந்து நிற்கிறது. நோரினாகா மீது எனக்குக் கோபம் இல்லை, அவர் தன் காலத்துப் போதனைக்காரர்களோடு சண்டை போட்டார். ஆனால் அந்தச் சொல்லை இனிமையான சோகம் என்று சுருக்கிக்கொண்டால் முராசாகியின் கடைசி வருஷங்களைப் படிக்க முடியாமல் போகும். நோயில் கிடக்கும் அவள் துறவு போக அனுமதி கேட்கிறாள். கெஞ்சி மறுக்கிறான். மறுபடி கேட்கிறாள். மறுபடி மறுக்கிறான், அவனால் அவளைப் பிரிந்து இருக்க முடியாதாம். அவள் துறவி ஆகாமலேயே செத்துப்போகிறாள். அதில் பூ எதுவும் உதிரவில்லை, ஒரு பெண் கேட்ட ஒரே விஷயம் மறுக்கப்பட்டது. ஒரு வருஷம் கழித்து அவன் அவள் கடிதங்களை எரிக்கிறான். அடுத்து 'முகிலில் மறைதல்' என்று வெறும் தலைப்பு மட்டும் மரபில் இருக்கிறது, உள்ளே ஒரு சொல்லும் இல்லை. அடுத்த அத்தியாயத்தில் அவன் செத்துப் பல வருஷம் ஆகிவிட்டது.

ஆர்தர் வேலியின் பழைய மொழிபெயர்ப்பு நடையழகில் டைலரைவிட எனக்குப் பிடிக்கும். ஆனால் அவர் ஓர் அத்தியாயத்தையே விட்டுவிட்டார். பதவிப் பெயர்களின் தொந்தரவைத் தாங்கிக்கொள்ளத் தயார் என்றால் டைலரே நல்லது, ஒவ்வொரு அத்தியாயத் தொடக்கத்திலும் ஆட்கள் பட்டியல் கொடுக்கிறார். என் ஸ்ப்ரெட்ஷீட்டுக்கு வேலையே இல்லை என்று நூறு பக்கம் கழித்துத்தான் கவனித்தேன்.

* * *

கடைசிப் பத்து அத்தியாயங்கள் உஜி என்ற ஆற்றங்கரை ஊரில் நடக்கின்றன. இங்கே மாற்றுப் பெண் என்ற விஷயம் மறைப்பில்லாமல் வந்துவிடுகிறது. காஷிவாகியின் மகன் காவோரு, தான் காதலித்துச் செத்துப்போன ஒருத்திக்கு மாற்றாக ஓர் உருவம் வேண்டும் என்கிறான். அவளுடைய தங்கை, அதே அப்பாவுக்கு வேறொரு தாயிடம் பிறந்த ஒருத்தியைக் காட்டிக்கொடுக்கிறாள். தீட்டைத் துடைத்து ஆற்றில் விடும் பொம்மையோடு அந்தப் பெண்ணை ஒப்பிட்டே பேசிக்கொள்கிறார்கள். அவள்தான் உகிஃபுனே, மிதக்கும் படகு. காவோரு ஒரு பக்கம், அவன் நண்பனான இளவரசன் இன்னொரு பக்கம் இழுக்க, அவள் ஆற்றில் விழுந்துவிட முடிவு செய்கிறாள்.

சாகவில்லை. ஒரு மரத்தடியில் கிடந்தவளைத் துறவிகள் எடுத்துப் போய் ஓனோ என்ற மலையோர ஊரில் வைத்துக் காப்பாற்றுகிறார்கள். அவர்களிடமும் அவள் பெயரைச் சொல்வதில்லை. வற்புறுத்திக் கேட்டு முடியை வெட்டிக்கொள்கிறாள். முராசாகிக்குக் கிடைக்காதது இவளுக்குக் கிடைக்கிறது. அந்த ஊரில் அவள் மையைத் தொட்டுப் பாட்டுகள் எழுதுகிறாள். அந்த அத்தியாயத்தின் பெயரே 'கையெழுத்துப் பழக்கம்'. எழுநூற்றுச் சொச்சம் பாட்டுகளில் பெரும்பகுதி யாருக்காவது அனுப்பியவை, பதில் எதிர்பார்த்தவை என்று சொன்னேன் அல்லவா. இவள் எழுதுவது யாருக்கும் இல்லை. எந்தக் கிளையிலும் கட்டவில்லை, வாசனை ஏற்றவில்லை.

கடைசி அத்தியாயத்தில் அவள் உயிரோடு இருப்பது காவோருவுக்குத் தெரிந்துவிடுகிறது. அவளுடைய சின்னத் தம்பியிடம் கடிதம் கொடுத்து அனுப்புகிறான். தம்பி திரைக்கு வெளியே நிற்கிறான். சின்ன வயதில் தெரிந்த முகம், அவளுக்கு அழுகை வருகிறது. கூட இருக்கும் துறவி அம்மா பதில் எழுதச் சொல்லிக் கெஞ்சுகிறார். உகிஃபுனே, தனக்கு எதுவும் நினைவில்லை, இது வேறு யாருக்கோ வந்த கடிதமாக இருக்கலாம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்கிறாள். தம்பி வெறுங்கையோடு இறங்கிப் போகிறான். காவோரு, வேறு எவனாவது அவளை அங்கே ஒளித்து வைத்திருக்கிறானோ என்று யோசிக்கிறான், தானும் ஒரு காலத்தில் வைத்திருந்தானே. கதை அங்கே நின்றுவிடுகிறது. முடிக்காமல் விட்டாரா, இதுதான் முடிவா என்று இன்றும் சண்டை போடுகிறார்கள். முடிவுதான் என்பது என் கட்சி.

என் ஷீட்டில் உகிஃபுனேவின் வரிசையில் 'யாருக்கு மாற்று' என்ற பத்தியை நிரப்பியிருந்தேன். கடைசிப் பக்கத்தைப் படித்த இரவில் போய் அதை அழித்துவிட்டு வந்தேன். புத்தகம் இப்போது தோழியிடம் திரும்பவும் இருக்கிறது. ஐந்தாம் அத்தியாயத்தைத் தாண்டிவிட்டாளாம், ஆனால் கெஞ்சியை மன்னிக்கப் போவதில்லை என்று மெசேஜ் போட்டிருக்கிறாள்.